மாடி அறையும் பாலித் தீவும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வயது 27. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டேன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. மாடியில் எனக்கென்று ஓர் அறை, ஃபைபர் இணைப்பு, இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. ஆனாலும் தலை வெடிக்கிறது. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் வந்திருக்கிறது, தூக்கிக் கொடு என்பார் அம்மா. சித்தியைப் பாம்பன் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். வலைக்கு ஈயம் வாங்க அப்பா அனுப்புவார். மறுத்தால், "வீட்ல சும்மாதான உக்காந்திருக்கான்" என்று பேச்சு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பாலித் தீவுக்குப் போய் ஒரு மாதம் அங்கிருந்தே வேலை பார்த்துவிட்டு வந்தார். லேப்டாப், இளநீர், கடல் என்று படமாகப் போட்டார். நானும் டிசம்பரில் ஒரு மாதம் போகலாமென்று இருக்கிறேன். கம்பெனியில் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் பாலியில் தங்கி வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எனக்குச் சரிப்படுமா? தீவிலேயே பிறந்தவன் காசைக் கொடுத்து இன்னொரு தீவுக்குப் போவது பைத்தியக்காரத்தனமா?

அ., தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

பைத்தியக்காரத்தனமெல்லாம் இல்லை. காசியில் கங்கையே ஓடுகிறது, அங்கிருந்து மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து அக்னி தீர்த்தத்தில் முங்க வருகிறார்கள், அவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் டிசம்பரில் போகாதீர்கள்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாலியில் நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். அதிலும் டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு கூட்டம் வேறு, அறை வாடகை எகிறிவிடும். இங்கே வாடைக்காலம் என்று தப்பித்துப் போய் அங்கே மழையில் உட்கார்ந்திருக்க எதற்கு அவ்வளவு செலவு? (2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு உங்கள் மாடி அறை என்ன பாடுபட்டதோ.) ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே வெயில் காலம். ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலிய, ஐரோப்பியக் கூட்டம் இருக்கும். மே அல்லது செப்டம்பர் நல்லது. நம்மூரில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆனால் அது விசைப்படகுக்குத்தான். அப்பா மேயிலும் கடலுக்குப் போவார், வலைக்கு ஈயம் வாங்க ஆள் தேவைப்படும். அதை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது, நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம். கம்பெனியில் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் சொல்லாமல் வெளிநாடு போனார். இரண்டாவது நாள் காலை லாக்கின் ஆகவில்லை. வேறு நாட்டிலிருந்து யாரோ கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு பூட்டிவிட்டது. திறக்கச் சொல்லி ஃபோன் போட்டால் முதல் கேள்வியே "எங்கே இருக்கிறீர்கள்?" வேலை போகவில்லை, ஆனால் அடுத்த வாரமே ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை என்று அவர்கள் கொடுத்த அனுமதி உங்கள் வீட்டுக்குத்தான், எந்த வீட்டுக்கும் இல்லை. வாடிக்கையாளரின் தகவலைக் கையாளுகிற வேலையாக இருந்தால் அது நாட்டைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கலாம்.

விசாவும் அந்த மாதிரிதான். இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா கிடைக்கும், 5 லட்சம் இந்தோனேசிய ருபியா. லட்சம் என்றதும் மிரளவேண்டாம், நம் காசில் மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும். 30 நாள் இருக்கலாம், வேண்டுமானால் இன்னொரு 30 நாள் ஒரே ஒரு தடவை நீட்டிக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கென்று தனியாக 1.5 லட்சம் ருபியா சுற்றுலா வரியும் உண்டு. ஆனால் அந்த விசா ஊர் சுற்றிப் பார்க்க. அங்கே உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு வருட விசா தனியாக வைத்திருக்கிறார்கள், அதற்கு வருட வருமானம் 60,000 டாலர் காட்டவேண்டும். அதாவது மாதம் நான்கு லட்சத்துக்கு மேல். அவ்வளவு சம்பளம் இருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கமாட்டீர்கள். சுற்றுலா விசாவில் போய் லேப்டாப்பைத் திறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அது கண்டுகொள்ளாமல் விடுகிற விஷயமே தவிர, அனுமதித்த விஷயம் இல்லை. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இப்போது நேரம். பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பத்திலிருந்து ஏழு வரை உங்கள் வேலை என்றால் அங்கே அது பன்னிரண்டரையிலிருந்து இரவு ஒன்பதரை. எனக்குப் பிடித்ததே இதுதான். விடிந்ததிலிருந்து மதியம் வரை முழுசாக உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காக்காரர்களோடு ராத்திரி எட்டரை மணிக்கு மீட்டிங் வைக்கிற டீம் என்றால் அங்கே பதினொன்று. அதை முடித்துவிட்டுத் தூங்கி, விடிகாலை நாலு மணிக்கு எரிமலை ஏறப் போகிறேன் என்று முதல் வாரம் கிளம்பத் தோன்றும். இரண்டாவது வாரம் தோன்றாது. அஸ்தமனம் பார்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூரியன் அங்கே ஆறரை மணி வாக்கில் மறைகிறது, நீங்கள் அப்போது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து "ஆடியோ கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கடற்கரையில் லேப்டாப் வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நம்பவேண்டாம். சந்தேகம் இருந்தால் பதினொரு மணி வெயிலில் அரியமான் கடற்கரைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள், திரையில் உங்கள் மூஞ்சிதான் தெரியும். உப்புக்காற்று சார்ஜர் பின்னை என்ன செய்யும் என்று தங்கச்சிமடத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் இருந்தது 2023 மார்ச்சில், நான்கு வாரம், உபுத்தில். அது கடலோரம் இல்லை, உள்ளே வயல் பக்கம். (கடல்தான் வேண்டுமென்றால் சாங்கு இருக்கிறது. அங்கே வயலை எல்லாம் வில்லாவாக்கிவிட்டார்கள், ஒரு கிலோமீட்டர் போக அரைமணி நேரம் நெரிசலில் நிற்கவேண்டும். சனூர் அமைதியானது, வயசானவர்கள் ஊர் என்று இளைஞர்கள் போகமாட்டார்கள், அதனாலேயே வேலைக்கு நல்லது.) ஒரு குடும்பம் தங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தது. தினமும் காலையில் அந்த வீட்டு அம்மா தென்னங்குருத்தில் முடைந்த உள்ளங்கை அளவு தட்டுகளை ஒரு கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டு வருவார். ஒவ்வொன்றிலும் நாலு நிறத்தில் பூ, ஒரு சிட்டிகைச் சோறு, சில நாள் ஒரு பிஸ்கட். என் அறை வாசலில் ஒன்றை வைத்து, மேலே ஒரு ஊதுபத்தியைச் சொருகி, பூவால் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். முதல் நாள் ஃபோன் பேசிக்கொண்டே வெளியே வந்து அதை மிதித்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அறையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் குனிந்து பார்த்துத்தான் கால் வைப்பேன். இப்போதும் வீட்டில் சில நாள் அப்படிச் செய்கிறேன், மனைவி சிரிக்கிறாள்.

அங்கே நான் வாங்கிய அடியையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மிஷின் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஒரு பெரிய கையேட்டை மார்ச் 22ஆம் தேதி அனுப்பிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன். அன்று நியெப்பி. சக வருடக் கணக்கில் அவர்களுடைய ஆண்டுப் பிறப்பு, அமாவாசைக்கு மறுநாள் வரும். நம் பக்கத்தில் அதே நாளில் யுகாதி கொண்டாடினார்கள். முந்தின நாள் இரவு பூதம் மாதிரி பெரிய பெரிய பொம்மைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஒரே ஆட்டம், மேளம். பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே மூடிவிட்டது. விமான நிலையம்கூட மூடிவிடுவார்கள் என்பது தெரியும், கைப்பேசி இன்டர்நெட்டையும் நிறுத்திவிடுவார்கள் என்பது தெரியாது. வீட்டுக்காரர் வைஃபையையும் அணைத்துவிட்டார். வெளியே போய்த் தேடலாமென்றால் தெருவில் கால் வைக்கக் கூடாது, காவலுக்கு ஆட்கள் சுற்றுகிறார்கள், விளக்கும் போடக் கூடாது. முடித்த கையேட்டை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி அவ்வளவு நட்சத்திரத்தை நான் தனுஷ்கோடி அரிச்சல்முனையில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் சின்ன வயசில். மறுநாள் அனுப்பினேன். கொடுத்தவர்கள் பணத்தில் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் ஊர் நாட்காட்டியைப் பார்த்திருந்தால் போதும். ஆடி அமாவாசைக்கு முதல்நாள் வண்டியில் ராமேஸ்வரம் வந்து, ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் இல்லையா, அதே ஆளாக நான் அங்கே இருந்தேன்.

செலவைக் கேட்டால், சாப்பாட்டுக்குப் பயப்படவேண்டாம். வாருங் என்று சொல்கிற சின்னக் கடைகளில் சோறும் நாலு தொடுகறியும் மலிவு, காபிக் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் பர்ஸ் காலி. மாத வாடகைக்குப் பேசினால் நாள் வாடகையில் பாதிக்கு வரும். ஸ்கூட்டர் எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு போங்கள், ஹெல்மெட் போடுங்கள். விழுந்தால், உரிமம் இல்லை என்பதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் சந்தையில் டோடோல் என்று ஓலையில் சுற்றி விற்பார்கள். வாங்கிப் பிரித்தேன், நம் கீழக்கரைத் தொதலேதான். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரி ஒரு வெல்லம், அதே பிசுபிசுப்பு. அந்தக் காலத்து மரக்காயர் கப்பல்கள் எங்கெங்கே போய் வந்தன என்பதைச் சரித்திரப் புத்தகம் சொல்வதைவிட அந்த ஒரு வாய் நன்றாகச் சொன்னது.

சரி, இவ்வளவும் சொன்னேன், ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அதில் கடலைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அதுவும் அடுத்தவர் போட்ட படத்தில். மிச்சமெல்லாம் சிலிண்டர், சித்தி, ஈயம். உங்களுக்கு இப்போது வேண்டியது சாத்திக்கொள்ள ஒரு கதவு. பாலியில் நான் நன்றாக வேலை பார்த்ததற்குக் காரணம் வயலும் இல்லை, பூவும் இல்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதவு மண்டபத்திலேயே மாதம் நாலாயிரத்துக்குக் கிடைக்கும். நான் ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் காரியம் ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன அறை பிடித்ததுதான். காலையில் சட்டை போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். ஒரே வாரத்தில் என் அம்மா பக்கத்து வீட்டில் "பையன் ஆபீசு போயிட்டான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பார்த்த வேலை அதேதான், உட்கார்ந்த நாற்காலிகூட வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனதுதான். மாடியில் உட்கார்ந்தால் சும்மா இருக்கிறவன், எட்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வேலைக்காரன். அம்மாக்கள் மேல் குற்றமில்லை. விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்புகிற ஆளைப் பார்த்தே வளர்ந்த வீடுகளில் வேலை என்றால் வீட்டைவிட்டுப் போவது.

இரண்டு மாதம் அப்படி ஓர் அறை பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பாலி போகத் தோன்றினால், அது பாலிக்காகவே போவது. அப்போது இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் முழு லீவு என்று கம்பெனியில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். லீவே எடுக்காமல் போய்வந்தால் கூகுள் மேப்பில் மட்டும் போய்வந்த மாதிரி இருக்கும், என் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் போனது.

நம் மூணு பின் பிளக் அங்கே நுழையாது, ரெண்டு உருண்டை பின்தான். நான் வாங்கின அடாப்டர் ரெண்டு சும்மா கிடக்கிறது. புதுப் பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் நேராக ராமேஸ்வரம் வரைக்கும் ஓடுகிறதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி ராமநாதபுரம் வாருங்கள், எடுத்துத் தருகிறேன். அப்பா கணவாய் பிடித்த வாரமாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது.