டண்டீ இருட்டும் சின்ன ஊரும்

கேள்வி: கணவருக்கு ஸ்காட்லாந்தின் டண்டீயில், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணி. ஐந்து வயது மகளோடு நானும் செப்டம்பரில் போகிறேன். ‘சின்ன ஊர், இருட்டு, பேச ஆள் கிடைக்காது’ என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு, இருட்டைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான். டிசம்பர் கடைசியில் எட்டே முக்காலுக்குத்தான் அங்கே சூரியன் எழும். மாலை நான்குக்கு முன்பே இறங்கிவிடும். என் முதல் குளிர்காலத்தில், டீ போட்டு நிமிர்வதற்குள் ஜன்னல் கறுத்துவிடும். காரணமே தெரியாமல் அழுதிருக்கிறேன். வெளிச்சம் குறைந்தால் மனசும் சோர்ந்துபோகும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

மகளைப் பள்ளியில் விட்டதும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். டே ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நடங்கள். 1901இல் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்ட டிஸ்கவரி கப்பல் அங்கேதான் நிற்கிறது. அதைக் கட்டியதும் அதே ஊர்தான். மழை பிடித்தால் பக்கத்திலிருக்கும் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தில் ஒதுங்கலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. அந்தக் காற்றுக்குக் குடை தாங்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். வைட்டமின் டி மாத்திரையையும் மறக்க வேண்டாம். தினம் 10 மைக்ரோகிராம் என்பது அரசே சொல்லும் அளவு. நம் நிறத்தவர்கள் வருடம் முழுக்க எடுத்துக்கொள்வது நல்லது.

வாடகை வீடு பார்க்கும்போது சுவர் மூலைகளில் ஈரமும் பூஞ்சையும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

சின்ன ஊர் என்று கலங்காதீர்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர்தான். பள்ளி வாசலில், பஸ் நிறுத்தத்தில், கடையில் அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது வாரம் யாராவது மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்கள் பேச்சு முதலில் பிடிபடாது. ‘ஆய்’ என்றால் ஆமாம், ‘வீ’ என்றால் சின்னது. புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வங்காளத்துச் சணலை நூற்று வளர்ந்த ஊர் அது. அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவரின் பணி விசாவைச் சார்ந்து போகும் நீங்களும் வேலை தேடலாம். குளிர்காலம் வருவதற்குள் தேடத் தொடங்கிவிடுங்கள்.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மகள் தூங்க அடம்பிடிப்பாள். கனமான ஜன்னல் திரை ஒன்று முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.