பி.இ. படித்தவருக்கு கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வருமா?

எம்பிஏ முதல் ஆண்டு, பி.காம். முடித்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றும் புரியவில்லை, மார்க்கெட்டிங்குக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கம்பெனி எதில் முதலீடு செய்வது, அதற்குப் பணம் எப்படித் திரட்டுவது என்று சொல்லும் இந்தப் பாடத்துக்கு அடிப்படை, பள்ளியில் படித்த கூட்டு வட்டிதான். பி.இ. படித்தவரை அது மிரட்டாது. உங்களை இடறுவது அக்கவுண்ட்ஸ்.

லாபம் வேறு, கைக்கு வரும் பணம் வேறு. திருப்பூர் கம்பெனி ஒன்று மார்ச்சில் சரக்கு அனுப்பி பில் போட்டால் அந்த நிதியாண்டின் விற்பனையில் ஏறிவிடும். பணம் ஜூனில்தான் வரும். அதுவரை நூலுக்கும் கூலிக்கும் வங்கிக் கடன். நல்ல லாபம் காட்டும் கம்பெனி சம்பளம் போடத் திணறுவது இப்படித்தான். பேலன்ஸ் ஷீட்டையும் (சொத்து, கடன் கணக்கு) கேஷ் ஃப்ளோவையும் (பணம் வந்து போன கணக்கு) சேர்த்து வாசிக்கப் பழகாமல், கம்பெனிக்கு மதிப்பு போடும் வேல்யுவேஷன் பக்கம் போகாதீர்கள்.

பிறகு எக்செல்லைத் திறங்கள். 1 கோடி ரூபாய்க்கு ஒரு மெஷின், 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 30 லட்சம் வரவு. கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்டு, ஆண்டுக்கு 12 சதவீதத்தில் தள்ளிப் பார்த்தால் (டிஸ்கவுண்ட்) அந்த வரவின் இன்றைய மதிப்பு சுமார் 108 லட்சம், வாங்கலாம். 16 சதவீதம் என்றால் சுமார் 98 லட்சம், வாங்கக் கூடாது. தேர்வில் விடையைக் கேட்பார்கள், இன்டர்வியூவில் “ஏன் 12?” என்று கேட்பார்கள். மூலதனச் செலவு (கம்பெனிக்குப் பணம் போட்டவர்கள் எதிர்பார்க்கும் வருமான வீதம்), பீட்டா (சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசையும் என்ற அளவு) எல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான். (எக்செல்லின் என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) ஃபார்முலாவுக்குள் இன்று போடும் 1 கோடியையும் சேர்க்காதீர்கள், அதையும் ஓராண்டு தள்ளிவிடும். அதை வெளியே தனியாகக் கழியுங்கள்.)

சென்னை லயோலாவில் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியில் பாடம் எடுக்கும் அஸ்வத் தாமோதரன் தன் வகுப்புகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். காசு கட்டி வேறு கோர்ஸில் சேரும் முன் அதைப் பாருங்கள். கூடவே பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து, பின்னால் உள்ள குறிப்புகள் வரை படியுங்கள். வங்கி வேண்டாம், அவர்களுக்குக் கடன்தான் சரக்கு, கணக்கே வேறு மாதிரி.

சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைத் தேர்வுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டியதில்லை. கோடை இன்டர்ன்ஷிப் முடியட்டும். எல்லோரும் கேட்கும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் (கம்பெனிகளுக்கு மூலதனம் திரட்டித் தரும் வேலை) இடம் குறைவு. வங்கிகளில் கிரெடிட் (கடன் கொடுக்கலாமா என்று பார்ப்பது), கம்பெனிகளில் ட்ரெஷரி (கைப்பணத்தையும் கடனையும் கவனிப்பது), பட்ஜெட் பிரிவுகளில் விண்ணப்பியுங்கள். உற்பத்தித் தொழிற்சாலை என்றால், மெஷினைப் பற்றித் தெரிந்த ஃபைனான்ஸ் ஆள் அங்கே அபூர்வம்.