கலீசி என்பது பேரே இல்லை

"கலீசி என்றால் ராணியா? எந்த மொழிச் சொல் அது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராணி என்பது கிட்டத்தட்டத்தான் சரி. நாவலாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதையில் குதிரைமேலேயே வாழும் டோத்ராக்கிகளின் மொழிச் சொல் இது. கூட்டத்தின் தலைவன் 'கால்', அவன் கூட்டம் 'கலாசர்', அவன் பெண்டாட்டி 'கலீசி'. பண்ணையார் பெண்டாட்டி பண்ணையாரம்மா ஆவது மாதிரி. ட்ரோகோ என்ற காலைக் கட்டிக்கொண்டதால் கதாநாயகிகளில் ஒருத்தியான டெனேரிஸுக்கு வந்த பட்டம் அது, அவள் பெயர் அல்ல. ஆனால் 2018இல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு அதையே பெயராக வைத்தார்கள். அடுத்த வருஷமே தொடரில் டெனேரிஸ் ஊரைக் கொளுத்தினாள், பாவம் அந்தப் பெற்றோர்.

சொல்லை உண்டாக்கியவர் நாவலாசிரியர் ஜார்ஜ் மார்ட்டின். முதல் நாவல் 1996இல் வந்தது. டோத்ராக்கிகளை மங்கோலியர், ஹூணர் போன்ற கூட்டங்களைக் கலந்து படைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 'கால்' என்றதும் செங்கிஸ் கானின் 'கான்' நினைவுக்கு வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நாவலில் இருந்தவை கொஞ்சம் சொற்களும் பெயர்களும்தான். தொலைக்காட்சித் தொடருக்காக அதற்கு இலக்கணம் கட்டி முழு மொழியாக்கியவர் டேவிட் பீட்டர்சன். அதில் நலம் விசாரிப்பதே "நன்றாகக் குதிரை ஓட்டுகிறாயா?" என்றுதான். நன்றி சொல்ல வார்த்தையே கிடையாது.

உச்சரிப்புதான் வேடிக்கை. மார்ட்டின் ஆங்கிலத்தில் இரண்டு 'e' எழுத்து போட்டு எழுதியிருந்தார். பீட்டர்சன் கணக்கில் அவை இரண்டு தனி எகரங்கள்: 'ஃகலெ-எசி' மாதிரி, முதல் ஒலி தொண்டையை உரசி வரவேண்டும், அழுத்தமும் முதல் அசையில். நடிகர்கள் 'கலீசி' என்று இழுத்துவிட்டார்கள், அதுவே உலகம் பூராவும் நின்றுவிட்டது. மொழியைக் கட்டியவருக்கு இன்னும் அது உறுத்தல்தான்.

எங்கள் வீட்டிலும் ஒரு கலீசி உண்டு. தம்பி நாய்க்குட்டிக்கு அந்தப் பேரை வைத்துக் கூப்பிட்டதும் திண்ணையில் இருந்த ஆயா, "ஏன்டா, இம்மாம் அழகா கீது, அதப் போயி கலீஜுன்றியே!" என்று திட்டினார். ராணி, தலைவன் மனைவி என்று தம்பி விளக்கிப் பார்த்தான். ஆயா கேட்கவில்லை. இப்போது நாய்க்கு இரண்டு பேர்; சோறு போடுகிறவர் ஆயா என்பதால் 'மணி'க்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.