ஏழு மாத வருமானமும் பன்னிரண்டு மாதக் குடும்பமும்

கேள்வி: எனக்கு 26 வயது, கம்பத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் சொந்த ஜீப்பில், விடிவதற்கு முன்பே வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகிறார். திருமணமான புதிதில் நானும் காய் எடுக்கப் போனேன். மகள் பிறந்தபின் நின்றுவிட்டேன். அவளுக்கு இப்போது இரண்டு வயது. ஆடி முதல் தை வரை, டீசலும் பழுதும் போக மாதம் 24,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. மாசி பிறந்தால் 9,000 ரூபாய் வருவதே சிரமம். என் சங்கிலியை 60,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் அடகு வைத்திருக்கிறோம். ஏலக்காய் விலை ஏறியதாகச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், அதில் எங்களுக்கு என்ன வந்தது என்று தோன்றுகிறது. மகளை ஆண்டுக்கு 30,000 ரூபாய் கட்டணமுள்ள மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறார் கணவர். பணப் பேச்சை எடுத்தாலே சண்டை வருகிறது. மகளுக்காக எதையாவது சேர்த்துவைக்க எங்களால் முடியுமா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால், விலைச் செய்தியையும் உங்கள் வீட்டு வருமானத்தையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அதற்கு முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்திலும், பின்னர் வந்த வறட்சியிலும் இடுக்கியின் தோட்டங்கள் அழிந்து காய் அருகிப்போனதே அந்த விலைக்குக் காரணம். செடியில் காய் இல்லாத ஆண்டில் எடுப்பும் குறையும். எடுப்புக் குறைந்தால் ஜீப்பில் ஏறும் ஆளும் குறையும். இரண்டே ஆண்டுகளில் அந்த விலை கிலோ 1,000 ரூபாய் அளவுக்குச் சரிந்தபோது, தோட்டக்காரர்கள் முதலில் சுருக்கியதும் ஆள் கூலியைத்தான். விலை ஏறினாலும் இறங்கினாலும் சுமையில் ஒரு பங்கு உங்கள் வண்டிக்கு வந்து சேர்கிறது. ஆகவே விலையை நம்பி எந்தச் செலவையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஏழு மாதம் 24,000 வீதம் 1,68,000 ரூபாய். ஐந்து மாதம் 9,000 வீதம் 45,000 ரூபாய். ஆண்டுக்கு மொத்தம் 2,13,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 17,750 ரூபாய் வருகிறது. உங்கள் குடும்பத்தின் உண்மையான வருமானம் இதுதான். 24,000 அல்ல, 9,000மும் அல்ல. மாதச் செலவை வட்டி உட்பட 16,000 ரூபாய்க்குள் நிறுத்த முடிந்தால், எடுப்புக் காலத்தில் மாதந்தோறும் 8,000 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். தை முடிவில் 56,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மாசி முதல் ஆனி வரை மாதம் 7,000 வீதம் எடுத்தாலும் 21,000 ரூபாய் மிஞ்சும். ஆடியில் கையில் பணம் புரளும்போது துணிக்கடைக்கும் விருந்துக்கும் கொடுத்துவிட்டு, சித்திரையில் நகையைத் தூக்கிக்கொண்டு போவதை என் அம்மாவின் காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன். அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து மாதம் இறுக்கிப் பிடித்த வீட்டில் முதல் கூலி வந்ததும் பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை வாங்கத் தோன்றுவது இயல்புதான். அந்தச் சட்டைக்கும் 16,000த்துக்குள்ளேயே ஓர் இடம் வையுங்கள்.

அடுத்து சங்கிலி. இரண்டு ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரூபாய். அதே நகைக்குப் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வாங்கும் வட்டி இதில் பாதிக்கும் கீழே. ஆகவே நகையை அங்கே மாற்றுவதுதான் இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டிய வேலை. மாற்றினால் மாதம் 600 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். அதில் 500 ரூபாயை மகள் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிப் போட்டு வரலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் செலுத்தினாலே கணக்கு நடக்கும். 15 ஆண்டுகள் செலுத்த வேண்டும். தொடங்கியதிலிருந்து 21 ஆண்டுகள் முடிந்ததும் முதிர்வடையும். பெண்ணுக்குப் பதினெட்டு வயதானபின், அல்லது பத்தாம் வகுப்பு முடித்தபின், மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அரசு ஒவ்வொரு காலாண்டிலும் வட்டியை மறுபரிசீலனை செய்யும். மிஞ்சும் 21,000 ரூபாயை முழுவதும் நகைக்கடனின் அசலுக்கே கட்டுங்கள். கடன் தீரும்வரை மகளுக்கு மாதம் 500 ரூபாய் போதும்.

மலைப்பாதையில் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவரின் குடும்பம் இன்னொன்றையும் தள்ளிப்போடக் கூடாது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். உயிரிழப்பு நேர்ந்தால் முதலாவதில் 2 லட்சம் கிடைக்கும். விபத்தினால் நேர்ந்தால் இரண்டாவதிலும் 2 லட்சம் கிடைக்கும். இரண்டின் ஆண்டும் ஜூன் 1 முதல் தொடங்குவதால் தவணை மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். அதுதான் உங்கள் வீட்டில் பணம் வற்றும் நேரம். கணக்கில் 456 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோன வீடுகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பள்ளியைப் பற்றி உங்கள் கணவரிடம் நிதானமாகப் பேசுங்கள். 30,000 ரூபாய் என்பது உங்கள் ஆண்டு மிச்சத்தைவிட அதிகம்; அந்தக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட முடியும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அங்கன்வாடி போதும் என்பது என் உறுதியான கருத்து. அரசுப் பள்ளியில் படிப்பதால் பின்னாளில் கிடைப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் கல்லூரியில் சேர்ந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. நல்ல வாழ்வு தர வேண்டும் என்ற தவிப்பில்தான் அவர் அந்தப் பள்ளியைக் கேட்கிறார். அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் சண்டை பாதியாகக் குறையும். அன்றன்றைக்கு டீசல் எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்று இருவரும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

நீங்கள் மீண்டும் வேலைக்குப் போவதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்த எண்ணம் தெரிகிறது. ஜீப் திரும்புவதற்கு முன்பே அங்கன்வாடி மூடிவிடும். மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ அம்மாவோ இல்லாமல் மலையேறுவது கடினம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைத் தோட்ட வேலை ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. வீட்டுக்கு அருகில் அரைநாள் வேலை கிடைக்குமா என்று, குறிப்பாக மாசிக்குப் பிறகு, விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: குமுளியில் ஒரு கடையில் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், இரண்டு சிறு பிள்ளைகள். விலைவாசி உயர்வு கட்டுக்குள் இருப்பதாகச் செய்தியில் சொல்கிறார்கள். என் வீட்டில் மட்டும் ஏன் அப்படி இல்லை?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: கட்டுக்குள் இருக்கிறது என்றால் விலை குறைந்துவிட்டது என்று பொருளல்ல, ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். விலைவாசி உயர்வுக்கு ரிசர்வ் வங்கிக்கு 2016இல் வகுக்கப்பட்ட இலக்கு ஆண்டுக்கு 4 சதவீதம். இரண்டு சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம். ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் நான்கு ஆண்டுகள் ஏறினால் 100 ரூபாய்ப் பொருள் 126 ரூபாய் ஆகிறது. ஐந்தாம் ஆண்டு விலை அசையாமல் நின்றாலும் நீங்கள் கொடுப்பது 126 ரூபாய்தான். உங்கள் மாதச் சம்பளம் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடினால், அது 3.3 சதவீதம். இந்த இடைவெளியைத்தான் உங்கள் வீடு உணர்கிறது.

விலைவாசி உயர்வை அளக்க 2012ஐ அடிப்படையாகக் கொண்டிருந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு ஏறத்தாழ 46 சதவீதமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளோடு 15,000 ரூபாயில் வாழும் வீட்டில் உணவின் பங்கு அதைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே காய்கறி விலை துள்ளினால் நாட்டின் சராசரியைவிட உங்கள் வீட்டுக்கு அதிகமாக வலிக்கும். குமுளிச் சந்தைக்குக் காய் ஏறி வருவது பெரும்பாலும் தேனிப் பக்கத்திலிருந்துதான். மலையிறங்கி வரும் நாளில் கம்பத்தில் வாரக் காய்கறியை வாங்கிக்கொள்வது சிறிய உதவிதான், ஆனால் உண்மையான உதவி. உங்களிடம் தமிழ்நாட்டு முன்னுரிமைக் குடும்ப அட்டை இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தின்படி ஆதார் சரிபார்ப்புடன் கேரளத்து ரேஷன் கடையிலும் உங்கள் பங்கு தானியத்தைப் பெறலாம். அதற்காக ஊருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் மிஞ்சும்.

கேள்வி: தனக்குப் பேத்தி பிறந்ததும், நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்திலும் தெருவில் ஒருவர் நடத்தும் சீட்டிலும் சேரச் சொல்கிறார் என் மாமனார். சேரலாமா?
– ஒரு வாசகி, தேவாரம்

பதில்: சீட்டு நடத்துபவரிடம் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பெற்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சேர வேண்டாம். நகைக்கடைத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம், பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் அது சட்டப்படி வைப்புத்தொகை ஆகிவிடும் என்பதுதான். வங்கியில் போடும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு இந்த முன்பணத்துக்குக் கிடையாது. மாமனாரிடம் மறுத்துப் பேசுவது கடினம் என்பது எனக்குத் தெரியும். பேத்தி பெயரில் அஞ்சலகத்தில் கணக்கு தொடங்கி, முதல் தவணையை அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள்.