பகலுக்குப் பற்றாது, ராத்திரிக்கு மிச்சம்: வீட்டு வெளிச்சம் பற்றிக் கேள்வி பதில்

கோவையைச் சுற்றி வீடு, மில், கார்மெண்ட்ஸ் எல்லாவற்றுக்கும் லைட்டிங் வடிவமைப்பது என் தொழில். தூக்கத்தைக் கெடுக்காத, கண்ணை உறுத்தாத வெளிச்சம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். வாஸ்து மட்டும் வேண்டாம்.

ஈரோடு: ஏனுங்க, பெட்ரூமுக்கு வார்ம் ஒயிட் போட்டாத் தூக்கம் நல்லா வரும்னு கடையில சொன்னாங்க. நெசமுங்களா?

பாதி நிஜம். விழித்திரையில் உருவம் பார்க்கிற செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது தெளிவானது 2002-ல்தான். 480 நானோமீட்டர் வாக்கில், அதாவது வானத்து நீலத்துக்கு, அதிகம் தூண்டப்படும். 'இது பகல்' என்று மூளைக்குச் சேதி அனுப்புவதில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு.

2022-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி ஓர் அளவு சொன்னார்கள். பகலில் கண்ணில் விழுவது குறைந்தது 250 லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு), படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரம் 10-க்குள், தூங்கும்போது 1-க்குள். இது சாதாரண லக்ஸ் இல்லை, அந்தச் செல்கள் உணரும் விதத்துக்குத் திருத்திய லக்ஸ்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். 10-க்கு 12 அடி ரூம், 6500 கெல்வினில், அதாவது நீலச் சாயல் வெள்ளையில், 20 வாட் எல்.இ.டி. டியூப். கட்டிலில் உட்கார்ந்தவர் கண் உயரத்தில், அவர் பார்க்கிற பக்கமே மீட்டரைத் திருப்பிப் பிடித்தால் 60 லக்ஸ் சுமாருக்கு வரும். திருத்தினால் 50-க்குக் கொஞ்சம் மேல். பகல் அளவில் ஐந்தில் ஒரு பங்கு, ராத்திரி அளவுக்கு ஐந்து மடங்கு! ஒரே லைட் இரண்டு வேளைக்கும் உதவவில்லை.

2700 கெல்வினுக்கு, அதாவது மஞ்சள் சாயலான வார்ம் ஒயிட்டுக்கு, மாற்றினால் 27 வாக்கில் இறங்கும். கடைக்காரர் சொன்னது இந்தப் பாதிதான். 10-க்குக் கொண்டுவர, எட்டு மணிக்கு மேல் டியூபை அணைத்துவிட்டு இடுப்பு உயரத்தில், பல்பு கண்ணில் படாமல், 3 வாட்டில் ஒரு மேசை விளக்கு போதும். சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

தலையணைக்கு நேர் மேலே சீலிங்கில் ஸ்பாட் லைட் வைக்காதீர்கள். இன்னும் நாலு தடவை சொல்வேன்.

கோபி: எங்க பழைய தொட்டிக்கட்டு வீட்டுல நடுத்தொட்டிய ஷீட் போட்டு மூடலாம்னு பையன் சொல்றான். குரங்குத் தொல்லை தாங்கலீங்க.

வானம் பார்த்த அந்த நடு முற்றத்துக்கு மேலே, குரங்குக்குக் கம்பி வலை போடுங்கள். மூடியே ஆக வேண்டும் என்றால் நீல ஷீட்டும் பச்சை ஷீட்டும் வேண்டாம். அப்படி மூடிய வீடுகளில் சோறு கூட நீலமாகத் தெரிகிறது, சாப்பிட மனசு வராது. நிறமில்லாத லேமினேட்டட் கண்ணாடி, அல்லது பால் நிற பாலிகார்பனேட். ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி வைத்து, சுற்றிலும் காற்றுப் போக விடுங்கள். இல்லாவிட்டால் சித்திரையில் வீடு வெந்துவிடும்.

மேகம் போட்ட நாளில்கூடத் திறந்த வெளியில் 10,000 லக்ஸ் சுலபமாக இருக்கும், உச்சி வெயிலில் லட்சம். தொட்டி ஓரத் தூணில் சாய்ந்து காலையில் காப்பி குடிப்பவருக்குக் கிடைக்கிற வெளிச்சத்தை எந்த விலைக்கு லைட் வாங்கினாலும் அடைய முடியாது. அதை மூடிவிட்டு உள்ளே பகலெல்லாம் டியூப் போட்டு உட்காருவது என்ன கணக்கு என்று பையனிடம் கேளுங்கள்.

திருப்பூர்: செக்கிங் டேபிள்ல வேலை பாக்கிற பொண்ணுங்க கண்ணு வலிக்குதுன்னு சொல்றாங்க. இன்னும் ரெண்டு டியூப் சேத்தட்டுமா?

சேர்ப்பதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். செல்போன் கேமராவை டியூப் பக்கம் காட்டுங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால், எல்.இ.டி.க்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற 'டிரைவர்' என்ற பாகம் மட்டம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தலைவலி மட்டும் வரும்.

அடுத்தது, துணியின் நிறம். வெள்ளை பனியன் துணி விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதத்தைத் திருப்பும், கறுப்பு 5 சதவீதம்தான். கறுப்பு லாட் வரும் நாளில் மட்டும் எரிகிற மாதிரி இரண்டாவது டியூபைத் தனி சுவிட்சில் வையுங்கள். மேசையின் மேல்பரப்பு பளபளப்பாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஷேடு பார்ப்பதை, அதாவது துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை, மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். டி65 (பகல் வெளிச்சம் மாதிரி), டிஎல்84 (கடை வெளிச்சம் மாதிரி) விளக்குகளைப் போட்டு லைட் பாக்ஸில் மட்டும் பாருங்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு துணி இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும், பையர் கடையில் எந்த விளக்கோ.

சென்னிமலை: ஹாலுக்கு எத்தனை வாட் போடலாம்?

வாட் என்பது கரண்ட் செலவு, வெளிச்சம் இல்லை. அட்டையில் லூமன், அதாவது விளக்கு தருகிற மொத்த வெளிச்சம், எவ்வளவு என்று பாருங்கள்.

பொள்ளாச்சி: நைட் லேம்ப் நீலத்துல இருக்கு. கண்ணுக்குக் குளுமைதானுங்களே?

குளுமைதான், ஆனால் ஈரோட்டுக்குச் சொன்ன அந்த மெலனாப்சின் செல்களை எழுப்புகிற நிறமும் அதுதான். சிவப்போ ஆரஞ்சோ போடுங்கள், இருட்டு அதைவிட நல்லது. (பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்பு பத்து வாட்டுக்கு மேல் இழுத்தது வேறு கதை.) வயசானவர்கள் ராத்திரி எழுந்து போகிற வழியில், முழங்காலுக்குக் கீழே, சின்ன ஆரஞ்சு விளக்கு. அறுபது வயதுக் கண்ணுக்குள் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகும்.

நாமக்கல்: முட்டைக் கோழிக்கு 16 மணி நேரம் லைட் குடுக்கறோம். அது நல்லாத்தான் இருக்குது. மனுசனுக்கு மட்டும் என்னத்துக்கு இத்தனை பயம்?

அண்ணா, நல்ல கேள்வி. கோழிக்குக் கண் மட்டும் இல்லை, மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் உண்டு. பகல் நீண்டால் 'முட்டையிடும் பருவம்' என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். நீங்கள் 16 மணி நேரம் கொடுக்கும்போது மீதி 8 மணி நேரம் இருட்டும் கொடுக்கிறீர்களே, அதைச் சொல்லவில்லை! அதுவும் டைமர் வைத்து, தினமும் ஒரே நேரத்துக்கு. உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு அப்படி 8 மணி நேரம் இருட்டு கிடைக்கிறது?

பல்லடம்: நாமக்கல் அண்ணன் லேயர்காரர். நாங்க பிராய்லருக்கு 23 மணி நேரம் போட்டோம். எடை வந்துச்சுல்ல?

வந்தது, கால் ஊனமும் திடீர்ச் சாவும் கூடவே வந்தன. இப்போது குஞ்சு கொடுக்கிற கம்பெனிகளின் கையேடே முதல் வாரத்துக்குப் பிறகு 4 மணி நேரமாவது இருட்டு கொடு என்கிறது.

நாமக்கல்: அப்படிப் பாத்தா மனுசனுக்கும் தோல் வழியா வெளிச்சம் போகுமுல்ல? கண்ண மூடிட்டா மட்டும் ஆச்சா?

1998-ல் அமெரிக்காவில் ஒரு குழு, முழங்காலுக்குப் பின்னால் விளக்கடித்தே, தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துகிற உடல் கடிகாரத்தை நகர்த்திவிட்டோம் என்று எழுதியது. உலகமே பேசியது. 2002-ல் வேறொரு குழு, கண்ணுக்கு வெளிச்சம் படாமல் கவனமாகச் செய்து பார்த்தது, ஒன்றும் நகரவில்லை. நமக்குக் கண்தான் வாசல்.

பல்லடம்: கடிகாரம், கடிகாரம்ங்கறீங்க. எல்லாம் பழக்கந்தானுங்க.

இல்லை தம்பி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உடல் கடிகார ஆராய்ச்சியாளர் எம்.கே.சந்திரசேகரன் வெளி உலக நேரமே தெரியாத அறை கட்டி, ஆட்களை உள்ளே தங்கவைத்துப் பார்த்தார். கடிகாரமும் சூரியனும் இல்லாமலே தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன, ஆனால் ஒரு சுற்று 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டது. அதைத் தினமும் 24-க்கு இழுத்துப் பிடிப்பது முக்கியமாகக் காலை வெளிச்சம். பழக்கமாக இருந்தால் ஏன் நீள வேண்டும்?

கோழிப் பேச்சை நீங்கள் இருவரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சோமனூர்: தறியில நைட் ஷிஃப்ட். பகல்ல தூக்கமே வர்றதில்லீங்க.

ஷிஃப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள், விடியும் முன் முடிந்தவரை குறையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக இருட்டு ரூம். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி, கதவிடுக்குக்கும் சேர்த்து. வரும் வழியில் கூலிங் கிளாஸ் நல்லதுதான், ஆனால் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டும்போது போடாதீர்கள். வாரத்துக்கொரு ஷிஃப்ட் மாறுவதுதான் பெரிய தொல்லை. அதை லைட் போட்டுச் சரிசெய்ய முடியாது, முதலாளியிடம்தான் பேச வேண்டும்.

கரூர்: கம்ப்யூட்டருக்கு நீலத் தடுப்புக் கண்ணாடி வாங்கலாமா?

காசை மிச்சம் பிடியுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வராமல் மேசையைத் திருப்புங்கள்.

உடுமலை: அம்மாவுக்கு ஆறு மாசமாத் தூக்கமில்லை. என்ன லைட் மாத்தலாம்?

லைட் அப்புறம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அவினாசி: பெட்ரூமுக்கு எத்தனை வாட்? வார்ம் ஒயிட் நல்லதா?

ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் சொன்னதைப் படியுங்கள்.

தாராபுரம்: பெட்ரூம் சீலிங்குல எட்டு ஸ்பாட் லைட் போட்டாச்சுங்க, ரெண்டு தலைக்கு மேல வருது...

அந்த இரண்டையும் கழற்றி, ஓட்டையை மூடி பெயின்ட் அடித்துவிடுங்கள். மீதி ஆறுக்கும் டிம்மர். ஆனால் பல்பு டிம் ஆகிற ரகமா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மின்னும்.