வாங்காத கடனுக்கு ‘செட்டில்மென்ட்’ கட்டலாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறேன். போன வருடம் ஒரு பையன் தெருவுக்கு வந்து, உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி எங்கள் ஆதார், பான் அட்டைகளைப் படம் எடுத்தான். கண்ணைச் சிமிட்டச் சொல்லி முகத்தையும் எடுத்தான். இப்போது மகளிர் குழுக் கடனுக்குப் போனால், என் பெயரில் ஆப் கடன் 48,000 ரூபாய் பாக்கி, சிபில் (கடன் வரலாற்றுப் பதிவு) சரியில்லை என்கிறார்கள். வசூல்காரர் 15,000 கட்டினால் முடித்துத் தருகிறேன் என்கிறார். மகனும் கட்டித் தொலைப்போம் என்கிறான். போலீசில் கேட்டால், கம்பெனி குர்கானில் இருக்கிறது, அங்கே போங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய் கூட வேண்டாம். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகவே பேசுவார்கள். அதோடு சிபிலில் ‘செட்டில்டு’ என்று ஏறிவிடும். அது முழுக் கடனைக் கட்டாதவர் என்பதற்கான அடையாளம். அப்புறமும் குழுக் கடன் கிடைப்பது சிரமம்தான். கடன் கொடுத்தேன் என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், நீங்கள் அல்ல.

முன்பெல்லாம் ஓடிபி கேட்டுக் கணக்கில் இருந்ததை எடுப்பார்கள். இப்போது கணக்கில் காசே இல்லாதவர் பெயருக்கும் விலை உண்டு. அந்தப் பையன் கண்ணைச் சிமிட்டச் சொன்னது, உயிருள்ள ஆள்தான் எதிரே இருக்கிறார் என்று ஆப்பை நம்ப வைக்கத்தான்.

முதலில் சிபில் அறிக்கையை எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இலவசம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில், “இந்தக் கடனை நான் வாங்கவில்லை” என்று எழுதி, ஒப்பந்த நகல், ஓடிபி போன செல் நம்பர், பணம் போட்ட வங்கிக் கணக்கு மூன்றையும் கேளுங்கள்.

இதில் மூன்றாவதுதான் உங்கள் துருப்புச்சீட்டு. ஆப் கடன் பணத்தைக் கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் நேரடியாகப் போட வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. வேறொருவர் கணக்கில் போயிருந்தால் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தே இராத ஒரு வங்கியில் உங்கள் பெயரிலேயே கணக்கு இருந்தால், அது இரண்டாவது மோசடி, கடனைவிட ஆபத்தானது. ஊர் ஊராக ஏமாற்றிய பணம் அதன் வழியாகப் போனால், வெளிமாநிலப் போலீஸ் உங்களைத் தேடி வரும். அந்த வங்கிக்கு அன்றைக்கே எழுதிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

அதே கடிதத்தின் நகலை சிபிலுக்கும் அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 30 நாள் ஆகியும் நிறுவனம் வாய் திறக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அடுத்து போலீஸ். குர்கானுக்குப் போகச் சொன்னது சட்டப்படி தவறு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். நெல்லை மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது, அதை வைத்து ஏமாற்றுவது இரண்டுக்கும் 3 வருடம் வரை சிறை உண்டு. சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்வது நல்லதுதான், ஆனால் அது பணம் போன கையோடு மறிப்பதற்குத்தான் அதிகம் உதவும். உங்கள் விஷயத்துக்கு எழுத்துப் புகார் முக்கியம். தெருவில் முகம் காட்டிய மற்றப் பெண்களும் தங்கள் சிபிலைப் பார்க்கட்டும். நாலு புகார் சேர்ந்து போனால் பையனைத் தேடுவதில் வேகம் வரும்.

ஆதாரில் கைரேகையைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை ‘சஞ்சார் சாத்தி’ என்ற மத்திய அரசுத் தளத்தில் மகன் பார்த்துச் சொல்வான். கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள்.

வசூல்காரர் மறுபடி அழைத்தால், “எழுத்தில் அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். இரவு 7 மணிக்கு மேல் அழைத்தாலோ, மதினி, மச்சான் என்று சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்தாலோ, பேச்சைப் பதிவு செய்து புகாரோடு சேருங்கள். பழைய மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.