பூசாத வெள்ளை

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் ‘கம்பரா: இரவுப் பனி’ ஓவியத்தில் பனிக்கு எந்த வெள்ளையைப் பூசினார்? ஒரிஜினல் எந்த மியூசியத்தில் இருக்கிறது?

பதில்: ‘பூசினார்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். கூரைகளிலும் மலைச்சரிவிலும் குவிந்து கிடக்கும் அத்தனை பனியும் வெறும் காகிதம். டொகைடோ என்ற ஜப்பானிய நெடுஞ்சாலையின் ஊர்களைக் காட்டி 1830களில் வந்த வரிசையைச் சேர்ந்த மரக்கட்டை அச்சு அது. வெள்ளை வேண்டிய இடத்தைச் செதுக்குபவர் தோண்டி எடுத்துவிடுவார். அங்கே சாயம் ஏறாது. ஆனால் அகலமான பள்ளத்தில் ஈரக் காகிதம் தொய்ந்து அடியைத் தொட்டால் பனியில் அழுக்குத் திட்டு விழும். அதனால் பரப்பு அகல அகல, ஆழமாகவும் தோண்ட வேண்டும். காகிதத்துக்கு முன்கூட்டியே ஏற்றும் பசையும் படிகாரமும் குறைந்தால் சாயம் நாரில் ஊறிக் கூரை ஓரம் கசியும். பாதி வேலையில் காகிதம் உலர்ந்தால் சுருங்கிவிடும். நிறத்துக்கு ஒரு பலகை என்பதால், அடுத்த பலகையின் நிறம் கோட்டை விட்டு விலகி நிற்கும்.

இனி வானம். இந்த அச்சின் பிரதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேல் விளிம்பு கருத்துக் கீழே வெளுக்கும். மற்றதில் மலையை ஒட்டிக் கருத்து மேலே வெளுக்கும். இந்த மங்கலைச் செதுக்க முடியாது. பலகையை ஈரத்துணியால் துடைத்து, பிரஷ்ஷின் ஒரு முனையில் மட்டும் சாயம் தொட்டு இழுப்பார்கள். ஈரம் மிஞ்சினால் சாயம் ஓடித் திட்டாகும். குறைந்தால் கத்தியால் வெட்டியதுபோல் கோடு விழும். ஒவ்வொரு தாளுக்கும் இதே பாடு. இரவின் கனத்தைத் தீர்மானித்தது அச்சடித்தவரின் மணிக்கட்டு. அவர் பெயரையும் செதுக்கியவர் பெயரையும் விட்டுவிட்டு ‘ஹிரோஷிகே ஓவியம்’ என்று படக்குறிப்பு போடுவதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கண்டித்தாயிற்று! பெயர் கிடைக்கவில்லையா, ‘மரக்கட்டை அச்சு’ என்றாவது போடுங்கள்.

ஒரிஜினல்? வரைந்த தாளைப் பலகையில் குப்புற ஒட்டி, அதன் மேலேயே செதுக்குவார்கள். தாள் மரச்சீவலோடு போய்விடும். பலகையிலிருந்து வந்த ஒவ்வொரு பிரதியும் ஒரிஜினல்தான்.

நம் பத்திரிகை லேஅவுட்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பத்திரிகை அடிக்கும் ஆஃப்செட் அச்சின் நான்கு மைகளிலும் வெள்ளை கிடையாது; இந்தப் பக்கத்தின் வெள்ளையும் காகிதம்தான். கொஞ்சம் இடம் கண்டால் உடனே பார்டர் போட்டு அடைக்காதீர்கள். கம்பராவில் பாதி விரித்த குடைக்குள் தலையைப் புதைத்துப் போகிறவரைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

உங்களிடம் இருப்பது கையச்சா என்று தெரிய, லென்ஸ் வைத்து வானத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆஃப்செட். கையச்சில் சாயம் நாருக்குள் இறங்கியிருக்கும். தாளைத் திருப்பினால் பின்பக்கத்திலும் அந்த இருட்டு தெரியும்.